கீறல் விழாத கண்ணாடி

"ஐயோ!" என்று சிங்காரவேலு போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடுகள் இரண்டும் எழுந்து நின்றுவிட்டன.

சுத்தியல் ஒரு பக்கம், உளி ஒரு பக்கம் விழுந்து கிடந்தன. தண்டவாளத் துண்டின்மேல் வைத்திருந்த ஏர்க் கொழு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இருந்த இடத்திலேயே இருந்தது. சிங்காரவேலு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாங்க ஆச்சு?" என்று அடுப்பங்கரையிலிருந்து தையலம்மாள் ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லடி. தூசி."

"தூசியா? உளித் தலையில ஒரு சில்லு பேந்து போயிருக்கு. பாருங்க!"

"பார்த்தேன், பார்த்தேன்" என்றான். அவன் எதையும் பார்க்கவில்லை.

"அடிக்கச்சொல்ல போட்டுக்கோங்கன்னு ஒரு கண்ணாடி குடுத்தேனே, அது எங்க?"

"மாடத்துல பத்திரமா இருக்கு."

"கண்ணாடிய மாடத்துல வெச்சிட்டு, கண்ண இரும்புகிட்ட குடுத்தீங்களா?"

"பின்ன? சில்லு தெறிச்சுக் கண்ணாடி உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

தையலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். நானாக இருந்தால் அவன் தலையில் அடித்திருப்பேன்.

அந்தக் கண்ணாடி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தங்கச்சி பிரசவத்துக்குத் துணையாகப் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போன தையலம்மாள், திரும்பி வரும்போது அதைக் கொண்டுவந்தாள். மோட்டார் ஓட்டுகிறவர்கள் போடுவது. இரண்டு பக்கமும் தோல் வைத்து, பின்னால் பட்டை கட்டி, ஒரு தூசிகூட உள்ளே போகாதபடி செய்தது. "மோட்டார்க்காரங்க வேண்டாம்னு போட்டது, சும்மா குடுத்தாங்க. இரும்பு அடிக்கிறப்ப போட்டுக்கோங்க" என்று கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு வில்லியனூர் தேருக்குப் போனான். தேர்க் கூட்டத்தில் யாரோ அவனைப் பெரிய இடத்து ஆள் என்று நினைத்து, பிரெஞ்சுத் துரைமாரைக் கூப்பிடுவதுபோல "முசியே, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி திருவிழாச் சாமானாகிவிட்டது. உளியை எடுக்கும் முன் அதைப் பட்டுத் துணியில் சுற்றி மாடத்தில் வைத்து, இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் உட்காருவான்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் மற்றவர்களுக்கு இருப்பது இரண்டு கண். சிங்காரவேலுவுக்கு அதிலும் பாதிதான்.

பன்னிரண்டு வயதில் கிட்டிப்புள் பட்டு அவனுடைய வலது கண் போய்விட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. கருவிழி, இமை எல்லாம் சரியாக இருக்கும். பார்வை மட்டும் கிடையாது. தெரிந்த ஒரே ஆள் அவனைப் பெற்றவள். அவள் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள். அபிஷேகப்பாக்கத்தில் பெண் பார்க்கப் போன அன்று, அவன் தூண் தன் வலப்பக்கம் வரும்படி ஒட்டி உட்கார்ந்து, இருந்த ஒரு கண்ணாலேயே தையலம்மாளைப் பார்த்து முடித்தான். குறையை மறைத்துக் கட்டிக்கொண்டோமே என்ற பயம் பதினோரு வருஷமாக அவன் வயிற்றிலேயே கிடக்கிறது. ஊர்க் கொல்லன் தணிகைவேல் ஒரு நாள், "ஒத்தக்கண்ணன் மாட்டின மாதிரி இல்ல இருக்கு இந்தக் கொழு!" என்று விளையாட்டாகச் சொன்னான். அன்றோடு சிங்காரவேலு பட்டறைப் பக்கம் போவதை விட்டான். கரிக்கலாம்பாக்கத்தில் வீட்டிலேயே பட்டறை வைத்த ஒரே கரும்புக் குடியானவன் அவன்தான்.

இப்போது சில்லு பாய்ந்திருப்பது நல்ல கண்ணில்.

முதலில் வேட்டி நுனியால் கசக்கினான். சில்லு இன்னும் உள்ளே போனது.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணுவிடமிருந்து பாலாடையில் தாய்ப்பால் வந்தது. அவள் கைக்குழந்தைக்காரி. நாலு சொட்டு விட்டார்கள். குழந்தை தன் பங்கு போகிறதே என்று அங்கே அழுதது. கண் எரிகிறதே என்று இவன் இங்கே அழுதான்.

"காசம்மாவக் கூப்பிடுங்க. நாக்கு நுனியாலயே எடுத்துடுவா" என்றாள் சின்னபொண்ணு.

காசம்மாள் அந்த வேலையில் கெட்டிக்காரிதான். நெல் உமி, மாட்டுச் சாணித் தூள், கரும்புச் சுணை என்று எத்தனையோ கண்களில் விழுந்ததை நாக்கால் துழாவி எடுத்திருக்கிறாள். வந்தாள், இமையை விரித்தாள், நாக்கை வைத்தாள்.

அடுத்த நிமிஷம் சிங்காரவேலு முற்றத்தில் குதித்த குதி இருக்கிறதே, கூத்தில் வேஷம் கட்டினவன்கூட அப்படிக் குதிக்கமாட்டான்.

"இன்னா சாப்பிட்டுட்டு வந்தீங்கக்கா?" என்றாள் தையலம்மாள்.

"பழைய சோறும் பச்ச மொளகாயும். பாதியில எழுப்பிட்டு வந்துட்டீங்களே, வாய் கொப்பளிக்க எங்க நேரம்?" என்றாள் காசம்மாள், கோபத்தோடு.

கடைசியில் நந்தியாவட்டைப் பூவை நசுக்கி, விளக்கெண்ணெயில் தோய்த்துக் கண்மேல் வைத்து, பழைய சேலைத் துணியால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார்கள். "அந்தக் கண்ணுதான் நல்லா இருக்கே. ரெண்டு நாளைக்கு அதுல சமாளி" என்று சொல்லிவிட்டுக் காசம்மாள் போனாள்.

சிங்காரவேலுவுக்கு உலகம் இருண்டது. நல்லா இருக்கிற அந்தக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஐயோ பாவம்!

நல்ல வேளையாக, என்று அவன் நினைத்தான், பெண்டாட்டி ஒரு வாயாடி. கல்யாணமான நாளிலிருந்தே அவனுக்கு வலப்பக்கமாக நடந்துகொண்டு, "இதோ பள்ளம், இதோ கல்லு, எருமை வருது" என்று வழியெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். இன்றும் வாய் ஓயவில்லை. "கஞ்சி இடக்கைப் பக்கம் வெச்சிருக்கேன். தொவையல் அதுக்கு அந்தாண்ட. செம்பு கால்மாட்டுல இருக்கு, ஒதைச்சிடாதீங்க." இந்தத் தொணதொணப்பு இன்றைக்குத்தான் உதவிக்கு வந்தது என்று அவன் சந்தோஷப்பட்டான்.

மத்தியானம் அவள் தம்பி குழந்தைவேல் வந்தான். வாசலில் மணிச் சத்தம் கேட்டது.

"மாமா, புதுசா வாங்கினேன். ஒங்ககிட்டத்தான் மொதல்ல காட்டணும்னு கொண்டாந்தேன். எப்படி இருக்கு?"

மணிச் சத்தத்தை வைத்துச் சிங்காரவேலு முடிவு செய்துவிட்டான். போன வாரம்தான் மச்சான் காளை வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தான்.

"அடேங்கப்பா! கொம்பு நல்லா விரிஞ்சு இருக்கே!"

குழந்தைவேல் முழித்தான். "கொம்பா?"

"கைப்பிடியத்தான் சொல்றாருடா" என்று தையலம்மாள் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "சைக்கிளுக்கு அதானே கொம்பு? கிண்டல் பண்றாரு."

சைக்கிளா! சிங்காரவேலுவுக்கு வேர்த்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"பல்லு எத்தினி?" என்று கேட்டுவிட்டான், பல்லை எண்ணி மாட்டுக்கு வயது பார்க்கிற பழக்கத்தில்.

"சங்கிலி மாட்டுற சக்கரத்துல இருக்குதே, அந்தப் பல்லக் கேக்கறாரு" என்றாள் தையலம்மாள்.

"மாமாவுக்குச் சைக்கிள் வெவரம்கூடத் தெரியுதேக்கா!" என்று குழந்தைவேல் பூரித்துப்போனான். பெண்டாட்டிக்கு விவரம் பத்தாததால் தப்பித்தோம் என்று சிங்காரவேலு மூச்சு விட்டான்.

மறுநாள் காலையில் கண் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. கட்டுக்குக் கீழே நீர் வடிந்தது. வலி நெற்றிப்பொட்டுக்கு ஏறி, காதுக்கு இறங்கி, பல்லைப் பிடித்தது. இப்போது அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. இந்தக் கண்ணும் போனால் ஏர் பிடிக்க முடியாது, கரும்பு வெட்ட முடியாது. தையலம்மாள் முகத்தை இனி ஞாபகத்தில்தான் பார்க்க வேண்டும். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் அழுதான்.

"பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள் தையலம்மாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைத்தியர் இந்தக் கண்ணைப் பார்த்தால் அந்தக் கண்ணையும் பார்ப்பார். பார்த்தால் சொல்வார். சொன்னால் பக்கத்தில் இவள் நிற்பாள்.

"போறேன். ஆனா தனியாத்தான் போவேன்."

"தனியாவா?"

"இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்கு? நீ எதுக்கு, வயல் வேலைய விட்டுட்டு?"

சொன்னதோடு நிற்காமல் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டான். படியை எண்ணி இறங்கினான். வேலியைத் தொட்டுக்கொண்டே நடந்தான். வேலி முடிந்து வைக்கோல் போர் வந்தது. அதையும் தொட்டுக்கொண்டே நடந்தான். ஊரில் இவ்வளவு பெரிய போர் யாருடையது என்று யோசித்தபடி வெகுநேரம் நடந்தான். நடக்க நடக்க வைக்கோல்தான் வந்தது. கடைசியில் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் தெரிந்தது.

"யாருங்க அங்க? பாண்டி போற வண்டி எங்கங்க நிக்கும்?"

"இங்கதாங்க நிக்குது. ஏறுங்க."

குரல் தையலம்மாளுடையது. அவன் தன் வீட்டு வைக்கோல் போரைத்தான் நாலு தடவை சுற்றியிருக்கிறான்.

"தெரியும். சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேன்" என்றான்.

"எனக்கும் தெரியும். ஏறுங்க" என்றாள்.

குழந்தைவேல் வண்டியை ஓட்டினான். தையலம்மாள் சிங்காரவேலுவின் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். போகப்போக அவள் பிடி இறுகியது. வண்டி ஆட்டத்தில் விழாமலிருக்கப் பிடிக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிரெஞ்சு டாக்டர் துரை. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல சிவப்பிரகாசம் என்று ஒரு கம்பவுண்டர். கட்டைப் பிரித்ததும் துரை தன் பாஷையில் வெகுநேரம் திட்டினார்.

"இன்னா சொல்றாருங்க?"

"பூ, எண்ணெய், பாலு, அப்புறம் இன்னொண்ணு இன்னான்னு தெரியலையாம். சில்ல விட இதுங்கதான் கண்ணக் கெடுத்திருக்காம். இரும்பு அடிக்கிறவன் கண்ணுக்கு ஒண்ணும் போட்டுக்கலையான்னு கேக்கறாரு."

தையலம்மாள் இடுப்பிலிருந்து பட்டுத் துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தாள். கம்பவுண்டர் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், தையலம்மாளைப் பார்த்தார், இருமிக்கொண்டு, கண்ணாடியை அவளிடமே கொடுத்துவிட்டார்.

மருந்து விட்டு, மரத்துப்போகச் செய்து, ஊசி முனையால் துரை சில்லை எடுத்தார். எள்ளில் பாதிகூட இல்லை. இந்த அற்பத்துக்குத்தான் இவ்வளவு பாடு. புதுக் கட்டுப் போட்டார்கள். எட்டு நாள் கழித்துப் பிரித்தால்தான் பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியுமாம். கொஞ்சமாவது மிஞ்சும் என்று துரை நினைக்கிறாராம்.

"அந்தக் கண்ணையும் பார்த்துடணுமாம்" என்றார் கம்பவுண்டர்.

சிங்காரவேலு அவசரமாகக் குறுக்கிட்டான். "தையலு, நாக்கு வறண்டு போச்சு. வெளிய போயித் தண்ணி கொண்டாயேன்."

வளையல் சத்தம் கதவைத் தாண்டிப் போனது.

"இது எத்தினி விரலு?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

"மூணு."

"நான் கையே தூக்கலிங்களே."

துரை விளக்கைக் கொண்டுவந்து வலது கண்ணில் காட்டினார். ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கம்பவுண்டர் தமிழில் சொல்லவில்லை. துரை அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

சிங்காரவேலு இருட்டில் துழாவிக் கம்பவுண்டரின் கையைப் பிடித்தான்.

"ஐயா, ஒங்கள சாமியா நெனச்சுக் கேக்கறேன். என் சம்சாரத்துக்கு இது தெரியாது. பதினோரு வருஷமா மறைச்சு வெச்சிருக்கேன். தெரிஞ்சா அவ என்னப் பாக்கற பார்வையே மாறிப்போயிடும். அதப் பாக்கக்கூட எனக்குக் கண்ணு மிஞ்சுமான்னு தெரியல. ஆனா அவளுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

கம்பவுண்டர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வெளியே தண்ணீர்க் குழாயடியில் வளையல் சத்தம் கேட்டது. அவர் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி அந்தம்மா இதே பெஞ்சுல ஒக்காந்து, 'எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கண்ணுதான், இரும்பு வேற அடிக்கிறாரு, மிச்சம் இருக்கிறதக் காப்பாத்த எதுனா குடுங்க'ன்னு அழுது, தொரையோட பழைய மோட்டார் கண்ணாடிய வாங்கினப்ப, 'எனக்குத் தெரியும்னு அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு என்கிட்ட ஏற்கெனவே ஒரு சத்தியம் வாங்கிட்டுப் போயிடுச்சுங்களே!"