அரைக் கிராம் சன்னமும் பவுண் தராசும்

சிரிக்கிறதெண்டா இப்பவே சிரிச்சு முடியுங்கோ. கதை முடியேக்க உங்களுக்குச் சிரிக்க நேரம் வராது. வீட்டை போய் உங்கட மனுசியை ஒருக்கா வடிவாப் பாப்பீங்கள். கலியாணம் கட்டாத பெடியள் ஆரும் இருந்தா முன் கதிரைக்கு வாங்கோ, உங்களுக்காகத்தான் சொல்லுறன். கட்டினவைக்கு இது புதினம் இல்லை.

நான் துஷாந்தன். இருபத்தேழு வயசு. டென்மார்க்கில, ஒடென்சேயில எஞ்சினியரிங் படிச்சனான். படிச்சனான் எண்டா, மூண்டாம் செமஸ்ரரில ஒரு செவ்வாய்க்கிழமை கோப்பி குடிக்க வெளியில வந்தனான், இன்னும் உள்ள போகேல்லை. நாலு வருசமாச்சு. கோப்பி ஆறியிருக்கும். இப்ப வைலேயில ஒரு பெரிய சாமான் கிடங்கில பெட்டி தூக்கிற ட்ரக் ஓடுறன்.

மனுசி சுஜாந்தினி. வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற இல்லத்தில வேலை. குளிக்க மாட்டன் எண்டு கத்துற தொண்ணூறு வயசு டெனிஷ்காரரைப் பத்து நிமிசத்தில குளிக்க வைப்பாள். அதுமட்டுமில்லை, தானே கேட்டுத்தான் குளிச்சனான் எண்டு அந்த மனுசன் நம்புற மாதிரியும் செய்வாள். இதை நான் முதலே யோசிச்சிருக்கவேணும்.

அவளுக்கு என்னில ஒரே ஒரு குறை. காலமைத் தேத்தண்ணியோட அதைச் சொல்லுவாள்.

"திரும்பப் படிக்கலாம்தானே."

சீனி போட மறப்பாள். இதை மறக்க மாட்டாள்.

இந்த நாட்டில மூண்டு பேர் ஒரு பஸ் தரிப்பில நிண்டாலே சங்கம் தொடங்கி ஒரு பொருளாளரையும் தெரிவு செய்திடுவாங்கள். எங்களுக்கு மேல் மாடியில இருக்கிற ஸ்ரிபன் அப்பிடி ஒரு சங்கத்தின்ர தலைவர். காத்துத் துவக்குச் சுடுற சங்கம். மற்ற நேரத்தில அவர் பின்னேர வகுப்பில பெரிய ஆக்களுக்கு ஃபிசிக்ஸ் படிப்பிக்கிறவர். ஒரு மாரிக் குளிருக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். சூடாக்கின மண்டபம், ஓசிக் கோப்பி. சேர்ந்திட்டம். யாழ்ப்பாணத்தில இருக்கிற மாமிக்கு மட்டும் சொல்லேல்லை. 'துவக்கு' எண்ட சொல்லைக் கேட்டா மாமி போனை வைச்சிட்டு நேர்த்திக்கடன் வைக்கும். ஆனபடியா அவவுக்கு நாங்கள் புதன்கிழமையில பட்மின்ரன் விளையாடுறம்.

சங்கத்தில வருசத்துக்கொரு விழா. ஜூன் கடைசிச் சனி. உயரமான கம்பத்தில ஒரு மரக்குருவி. செட்டை, வால், தலை, நெஞ்சு எல்லாம் துண்டு துண்டாச் செய்து ஆணியில கொழுவியிருப்பாங்கள். ஆளுக்கொரு வெடியா மாறி மாறிச் சுடவேணும். நெஞ்சின்ர கடைசித் துண்டை ஆர் விழுத்துகினமோ அவைதான் அந்த வருசத்துக் குருவி அரசன். கழுத்தில வெள்ளிச் சங்கிலி போடுவாங்கள்.

விழாவுக்கு மூண்டு கிழமைக்கு முந்தி, சீனி இல்லாத ஒரு தேத்தண்ணிக்கு முன்னால, நான் ஒரு பெரிய முடிவெடுத்தன்.

"இஞ்ச பாரும். குருவியின்ர கடைசித் துண்டை நான் விழுத்தினா, ஒரு வருசத்துக்குப் படிப்பெண்ட கதை இந்த வீட்டில எடுக்கக்கூடாது."

"நான் விழுத்தினா?"

"என்ன வேணுமெண்டாலும் கேளும்."

"ஸ்ரிபன்ர பின்னேர வகுப்பு. கணக்கும் ஃபிசிக்சும். ஒரு நாளும் ஒளிக்காமப் போகவேணும்."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

"எழுதித் தாங்கோ."

எழுதிக் குடுத்தன். ஃபிறிட்ஜில, பல் டொக்டர் வரச்சொன்ன கடிதத்துக்குப் பக்கத்தில ஒட்டினாள். ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரிஞ்சுது.

அதுக்குப் பிறகுதான் எனக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது. அவள் என்னைவிட நல்லாச் சுடுவாள். தினமும் ஊசி போடுற கை, நடுங்காது. என்ர கை ட்ரக் ஓடி ஓடி, நித்திரையிலயும் ரிவேர்ஸ் எடுக்கும். கையால வெல்லேலாது. மூளையால வெல்லவேணும்.

சன்னத்தில பிடிச்சன். காத்துத் துவக்குச் சன்னம் எண்டா ஈயத்தில செய்த குட்டிக் குண்டு, இடுப்பு ஒடுங்கின உடுக்கு மாதிரி. எங்கட சங்கத்தில ரெண்டு சாதி. ஒண்டு பூச்சியம் தசம் நாலு அஞ்சு கிராம். மற்றது பூச்சியம் தசம் அஞ்சு மூண்டு. கண்ணால பாத்தா இரட்டைப் பிள்ளையள். ஸ்ரிபனிட்டை வேகம் பாக்கிற பெட்டி ஒண்டு இருக்கு. புதன் பின்னேரம் அதுக்கு முன்னால இருந்து ஒவ்வொண்டிலயும் பத்துப் பத்து வெடி வைச்சன். லேசானது செக்கனுக்கு நூற்றியெழுபத்திரண்டு மீற்றர். பாரமானது நூற்றியறுபத்தொண்டு. பாரம் கூடினா வேகம் குறையும். இதைக் கண்டுபிடிக்கப் பெட்டி தேவையில்லை, கொண்டாட்ட வீட்டில சாப்பிட்டிட்டு எழும்பிற எங்கட ஆக்களைப் பாத்தாலே காணும்.

ஆனா விசயம் அதில்லை. குருவிக்கு வேகம் தெரியாது. அடிதான் தெரியும். அடியின்ர எனர்ஜி எவ்வளவு? பாரத்தில பாதி, பெருக்கல் வேகம், திரும்பவும் பெருக்கல் வேகம். கொப்பி எடுத்துக் கணக்குப் போட்டன். லேசானது ஆறு தசம் ஏழு ஜூல். பாரமானது ஆறு தசம் ஒன்பது. மெதுவாப் போறதுதான் பலமா அடிக்குது. நான் கொப்பியைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஸ்ரிபன் எட்டிப் பாத்தார்.

"இது எங்கட துவக்கில மட்டும்தான்" எண்டார். "இதுக்குள்ள காத்து அடைச்சிருக்கு. பாரமான சன்னம் குழலுக்குள்ள கொஞ்ச நேரம் கூட நிக்கும், காத்தும் கூட நேரம் தள்ளும். ஸ்பிறிங் துவக்கெண்டா இது தலைகீழாயும் போகலாம்."

"எனக்கு இந்தத் துவக்குக் காணும்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் பூச்சியம் தசம் ரெண்டு ஜூல்தானே, துஷாந்தன்."

உண்மைதான். ஒரு தோசையைத் தட்டில இருந்து வாய்க்குத் தூக்கிற அளவு. ஆனா ஆணியில தொங்கிற கடைசித் துண்டு, தோசையளவு தள்ளுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும் எண்டு நான் நம்பினன். மனுசன் நம்பினா நம்பினதுதான்.

இன்னொண்டு. மெதுவாப் போற சன்னம் வழியில கூடப் பதியும். இருபது மீற்றரில லேசானதைவிட ஒரு சென்ரிமீற்றர் மட்டில கீழ போகும். அதுக்கேற்ற மாதிரி என்ர துவக்கின்ர குறியை ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தி வைச்சன். எஞ்சினியரிங் வீண்போகேல்லை.

மிச்சம் சின்ன வேலைதான். கோயிலில தந்த சந்தன டப்பா ரெண்டு, ஒரே மாதிரி. ஒண்டுக்குள்ள பாரமானது, எனக்கு. மற்றதுக்குள்ள லேசானது, என்ர அன்பு மனைவிக்கு. பாரமான டப்பாவின்ர அடியில அவளின்ர நகப்பூச்சால ஒரு சிவப்புப் புள்ளி. சாதி கலந்துபோகாம ஒருக்கா நிறுத்துப் பாப்பம் எண்டு, அலுமாரியில இருந்து அவள் நகை நிறுக்கிற குட்டித் தராசை எடுத்தன். குசினி மேசையில வைச்சு ஒவ்வொரு சன்னமா நிறுத்துக்கொண்டிருக்கேக்க கதவு திறந்தது. வேலை நேரத்தோட முடிஞ்சுதாம்.

டப்பாக்கள் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள போச்சுது. தராசு போகேல்லை. ரெண்டு மூண்டு சன்னம் நிலத்தில உருண்டுது.

"தராசு ஏன் வெளியில?"

"சும்மா."

"பவுண் தராசை ஒருத்தரும் சும்மா எடுக்கிறேல்லை. என்ர தாலிக்கொடியை நிறுத்தனீங்களோ?"

"கொடி உம்மட கழுத்தில கிடக்கு."

தடவிப் பாத்தாள்.

"அப்ப காப்பு."

"ஐயோ, காப்பும் இல்லை."

"அம்மா போட்ட நெக்லஸ். எங்கை கொண்டுபோகப் பிளான்?"

பாருங்கோ, சன்னம் நிறுத்த மனுசனைப் பவுண் கள்ளன் ஆக்கிப்போட்டாள். மானம் போற நேரத்தில ரகசியம் பாக்கேலுமோ?

"சன்னம் நிறுத்தனான். துவக்குச் சன்னம்."

"சன்னமோ? எத்தினை பவுண் வரும்?"

"இதில பதினெட்டு வைச்சா ஒரு பவுண்."

"அதில?"

"பதினைஞ்சு வைச்சாக் காணும்."

"அப்ப ரெண்டும் ஒண்டில்லை."

வாயை மூடியிருக்கலாம். ஆனா எனக்கொரு நோய் இருக்கு, ஆராவது கேட்டா விளங்கப்படுத்தாம இருக்கேலாது. இருபது நிமிசம் கதைச்சன். வேகம், எனர்ஜி, பதியிற கணக்கு, தோசை எல்லாம். அவள் அரிசி கழுவிக்கொண்டு கேட்டாள்.

"பாரமானதுதான் நல்லாத் தள்ளும்?"

"ஓம்."

"அப்ப பாரமானது ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை. சும்மா ஒரு ஆராய்ச்சி."

"ம்."

அந்த 'ம்' அரைக் கிராம்கூட வராது. என்ன எனர்ஜி.

சனிக்கிழமை காலமை எழும்பிக் குசினிக்குப் போறன். மேசைக்கு நடுவில பவுண் தராசு. தராசுத் தட்டில ஒரே ஒரு சன்னம். வேறயொண்டும் இல்லை. குளியலறையில தண்ணி ஓடுது, அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுறாள்.

எனக்கு எல்லாம் விளங்கிச்சு. இரவிரவா நிறுத்துப் பாத்திருக்கிறாள். ஏன் நிறுத்தவள்? டப்பாவுக்குள்ள இருக்கிறதை மாத்தத்தான். புள்ளி போட்ட டப்பாவுக்குள்ள இப்ப லேசானது, புள்ளி இல்லாததுக்குள்ள பாரமானது. நான் சந்தோசமாப் புள்ளியைப் பாத்து எடுத்துக்கொண்டு போய்த் தோக்கவேணும், அதுதான் திட்டம். நிறுத்துப் பாத்து உறுதிப்படுத்துவம் எண்டா தராசில பற்றரி இல்லை. ரெண்டு டப்பாவில இருந்தும் ஒவ்வொண்டை எடுத்து உள்ளங்கையில வைச்சுப் பாத்தன். இரட்டைப் பிள்ளையள்.

உள்ளுக்குள்ள சிரிச்சுக்கொண்டு, புள்ளி இல்லாத டப்பாவை என்ர பொக்கற்றுக்குள்ள போட்டன்.

இருபத்தியிரண்டு பேர் வந்திருந்தினம். கம்பத்தில குருவி, பக்கத்தில கொடி, மேசையில சொசேஜும் கோப்பியும். சுஜாந்தினி எல்லாருக்கும் முன்னால கை நீட்டினாள்.

"என்ர டப்பா எது?"

புள்ளி போட்டதைக் குடுத்தன்.

"வடிவாப் பாத்துத்தானே தாறீங்கள்?"

"வடிவாப் பாத்துத்தான்."

"சந்தோசம்."

தொடங்கினம். அவளின்ர முதல் வெடி நினைச்சதைவிடக் கீழ பட்டுது. ஸ்ரிபனிட்டைக் கேட்டு, குறியை ரெண்டு கிளிக் திருப்பினாள். எனக்கு ஒரே சிரிப்பு. என்ர வெடி செட்டையின்ர மேல் விளிம்பில பட்டுது.

"காத்து" எண்டன்.

ஸ்ரிபன் கொடியைப் பாத்தார். கொடி காயப்போட்ட ஈரச் சீலை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

செட்டை விழுந்துது, வால் விழுந்துது, தலை விழுந்துது. பின்னேரமாக, நெஞ்சில ஒரு துண்டுதான் மிச்சம். நெருப்புப்பெட்டியின்ர பக்கவாட்டு உயரம்தான் இருக்கும். என்ர முறை. நடுவைப் பாத்து வைச்சன். மேலால போச்சுது. அடுத்த சுற்று. திரும்பவும் மேலால.

"துஷாந்தன், ஒரு சென்ரிமீற்றர் உயரப் போகுது" எண்டார் ஸ்ரிபன். "குறியைக் குறை."

"குறைக்கேலாது. கணக்குப் போட்டு வைச்சது."

"கணக்குச் சரியாத்தான் இருக்கும். குருவி பிழையான இடத்தில நிக்குதாக்கும்."

மூண்டாம் சுற்று. கணக்கை நம்பினன். மேலால போய் எங்கேயோ காட்டுக்குள்ள விழுந்துது.

சுஜாந்தினி வந்தாள். துவக்கை எடுத்தாள். மூச்சை விட்டாள். 'டக்' எண்டொரு சத்தம். துண்டு ஆணியில ஒரு ஆட்டம் ஆடி, போவமா வேண்டாமா எண்டு யோசிச்சு, ஒரு தோசையளவு தள்ளுப் போதுமெண்டு விழுந்துது.

கை தட்டினாங்கள். வெள்ளிச் சங்கிலியைப் போட்டாங்கள். அவள் அதைக் கையில ஏந்திப் பாத்து எனக்கு மட்டும் சொன்னாள்.

"அறுபது பவுண் பாரம் வரும். வெள்ளிதான், பயப்பிடாதேங்கோ."

கார் ஓடேக்கயும் அவள் சங்கிலியைக் கழட்டேல்லை. மூண்டாம் சிக்னலில சிவப்புக்கு நிக்கேக்க கேட்டன்.

"டப்பாவில இருந்ததை மாத்தினனீர் என்ன?"

"எந்த டப்பா? நான் டப்பாவைத் தொடவே இல்லை."

"அப்ப தராசு?"

"தராசை மேசையில வைச்சன். குசினி நிலத்தில கிடந்த சன்னத்தைப் பொறுக்கி அதில வைச்சன். பற்றரியைக் கழட்டி ரீவி றிமோட்டுக்குப் போட்டன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"நீங்கள் கனக்க யோசிக்கிற ஆள். யோசிக்க ஒரு சாமான் வைச்சன்."

பச்சை விழுந்துது. பின்னால நிண்டவன் ஹோர்ண் அடிச்சான்.

"உங்கட கொப்பியையும் ஸ்ரிபனிட்டைக் குடுத்தனான்" எண்டாள். "முதல் பரிசோதனை அறிக்கை எழுதத் தேவையில்லையாம், இதுவே காணுமாம். ஓகஸ்டில வகுப்புத் தொடங்குது. திங்கள் பின்னேரம்."

"எப்ப குடுத்தனீர்?"

"போன கிழமை."

இப்ப திங்கள்தோறும் போறன். முதல் நாள் ஸ்ரிபன் என்னைப் பலகைக்கு முன்னால கூப்பிட்டு, லேசான சன்னம் ஏன் உயரப் போனது எண்டு எல்லாருக்கும் விளங்கப்படுத்தச் சொன்னார். நானும் வடிவா விளங்கப்படுத்தினன். தொண்ணூறு வயசுக் கிழவன் தானே கேட்டுக் குளிக்கிற மாதிரி.

அவளில பிழை சொல்ல எனக்கு வாயில்லை. அளாப்பி விளையாடினது நான்தான், ரெண்டு தரம். ஒருக்காவோட நிப்பாட்டியிருந்தா வெண்டிருப்பன்.