பிலிப்பைன்ஸ் ஆங்கிலம், கிள்ளை வழியாக

"அந்த அம்மாவைப் பாத்து எதுக்குப்பா புருவத்தைத் தூக்குனே?"

சிதம்பரம் தெற்கு வீதி ஃபேன்சி ஸ்டோரில் முதலாளி கண்ணாயிரம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். தவ்ஹீத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்னு சொன்னேன் மொதலாளி."

"என்னது?"

"ஹேர் கிளிப் இருக்கான்னு கேட்டாங்க. பிலிப்பைன்ஸ்ல ஆமாம்னா வாயத் தொறக்க வேணாம். புருவத்தைத் தூக்குனாப் போதும்."

"சரி. உதட்டை எதுக்குக் குவிச்சே?"

"எந்த ரேக்குன்னு காட்டுனேன். அங்க விரலை நீட்ட மாட்டாங்க. உதட்டாலதான் காட்டுவாங்க."

கடை வாசலில் அந்த அம்மாவின் கணவரும் தம்பிகளும் வந்து நின்றிருந்தார்கள். கண்ணாயிரம் அவர்களையும் தவ்ஹீதின் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ இனிமே கடைப்பக்கம் வராதேப்பா. பின்வாசல் வழியாப் போயிரு."

வினை, மஞ்சக்குப்பத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் அபுபக்கரிடம் தொடங்கியது. அவர் தவ்ஹீதின் மனைவி தஹ்ஸீனுக்குத் தாய்மாமன். தோஹாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை இருக்கிறது என்றார்.

"ஆனா இன்டர்வியூ எடுக்கிறது பிலிப்பைன்ஸ் மேடம், மாப்ள. நாம பேசுற இங்கிலீஷ் அவுங்களுக்குப் புரிய மாட்டேங்குது. நான் அனுப்புன ஆளுங்க அத்தனை பேரையும் கழிச்சுக் கட்டிட்டாங்க."

அவர்களுடைய ஆங்கிலத்தை அவர்களிடமே கற்பது என்று தவ்ஹீத் முடிவு செய்தான். பிலிப்பைன்ஸிலிருந்து ஜோசலின் என்ற ஆசிரியை தினமும் செல்போன் திரையில் வந்தாள். கிள்ளை வீட்டில் தஹ்ஸீன் முதல் நாளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்க படிங்க. நான் சும்மாதான் குந்தியிருக்கேன்."

ஜோசலின் ஒவ்வொரு சொல்லையும் அவசரமில்லாமல் முழுதாகச் சொன்னாள். வாக்கியத்தின் கடைசியில் குரலை ஊஞ்சல்போல் மேலே ஏற்றி விட்டாள். எதற்கும் ஒரு 'சார்' சேர்த்தாள். ஆமாம் என்பதற்குப் புருவத்தை மட்டும் தூக்கினாள். போனில் கொஞ்சம் காத்திருக்கச் சொல்ல 'ஃபார் எ வைல், சார்' என்பார்களாம். வீட்டில் ஒரு மொழி, மணிலாக்காரர்களிடம் ஒரு மொழி, பள்ளியில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். இப்படித்தான் வளர்ந்ததாகச் சொன்னாள்.

தவ்ஹீதுக்கு தோஹா வேலையே மறந்துபோனது. "அப்ப கனவு எந்த பாஷையில வரும், மேம்?" என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டான்.

ஜோசலின் சிரித்துவிட்டாள். "இதுவரைக்கும் கவனிச்சதில்ல. தூங்கிப் பாத்துட்டுச் சொல்றேன், சார்."

வகுப்பு முடிந்ததும் தஹ்ஸீன் கேட்டாள்: "அவ கனவைப் பத்தி உங்களுக்கு என்ன விசாரணை?"

கடை வேலை போனபிறகு தவ்ஹீதுக்குப் பயிற்சியைத் தவிர வேறு வேலை இல்லை. தோஹா கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் அடுப்பு எரிவது எப்படி என்பதை இருவருமே பேசவில்லை. அவன் நடந்தான், முணுமுணுத்தான், குரலை ஊஞ்சலில் ஏற்றினான். ஒருநாள் தூக்கத்தில்கூட 'மேம்' என்றான். அன்று தஹ்ஸீன் விடியும்வரை விழித்திருந்தாள்.

இன்டர்வியூ நாள் வந்தது. திரையில் கண்ணாடி அணிந்த ஒரு பெண் தோன்றி ஆங்கிலத்தில் அவன் பெயரைக் கேட்டாள்.

தவ்ஹீதின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் மறுபடி கேட்டாள். அவன் விழித்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்குவரை வந்து நின்றது.

தஹ்ஸீனுக்குப் பொறுக்கவில்லை. "மூஞ்சப் பாத்தாத்தானே பயம்?" என்று கிசுகிசுத்தபடி பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி கேமராவை அணைத்தாள். திரையைத் தன் முந்தானையால் மூடினாள்.

தவ்ஹீத் கண்களை மூடிக்கொண்டான். உள்ளே எங்கோ ஜோசலினின் குரல் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

"ஃபார் எ வைல், மேம்."

அந்தப் பக்கம் சிரிப்பு. அவ்வளவுதான், மடை திறந்தது. கோபமாக வரும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பாய் என்று அவள் கேட்டாள். ஊஞ்சல் மேலே போய்க் கீழே வந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

"நீங்க எந்த ஊர்?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"கிள்ளை, மேம்."

அந்தப் பக்கம் இன்னும் பெரிய சிரிப்பு. அழைப்பு முடிந்ததும் தவ்ஹீத் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தஹ்ஸீன் முந்தானையை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த ஜோசலினை முதல்முறையாக 'நல்ல பொண்ணு' என்றாள்.

சாயங்காலம் அபுபக்கர் போன் செய்தார். தவ்ஹீத் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, அந்த மேடத்துக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. விசா ரெடி பண்ணச் சொல்லிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் தஹ்ஸீன்.

"இரும்மா, அவசரப்படாதே. மொதல்ல பேசத் தெரியாம முழிச்ச ஆளு வேணாமாம். அப்புறம் கேமராவை அணைச்சிட்டு அவனுக்குப் பதிலாப் பேச வெச்சீங்களாமே ஒரு பிலிப்பைன்ஸ்காரன், அவனை அனுப்பச் சொல்றாங்க."