வாய் திறக்கக் கூடாத கஷாயம்

உ
ஸ்ரீ மாரியம்மன் துணை

சேலம், செவ்வாய்ப்பேட்டை,
பகுதானிய வருஷம் ஐப்பசி மாதம் 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை.

சென்னப்பட்டணத்தில் 'இல்லற சௌக்கியம்' மாதப் பத்திரிகை நடத்திவரும் மகா-ள-ள-ஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமுகத்துக்கு, சந்தா நம்பர் 614 சென்னியம்மாள் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் அம்மன் கிருபையால் மழை பெய்கிறது, மாடு கன்று போட்டிருக்கிறது, எல்லோரும் சுகம். அவ்விடத்தில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாயிருப்பதாக நம்புகிறேன். சுகமாயில்லாவிட்டால் தங்கள் பத்திரிகையில் போட்ட கஷாயத்தைத் தாங்களே குடித்துப் பார்க்கவும். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி எழுதப்போவதெல்லாம் கோபம்.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவள் அல்ல. என் மூத்த பையன் சிலேட்டில் எழுதியதை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். பால் கணக்கும் வண்ணான் கணக்கும் எழுதிக் கை படிந்தது. கஷ்டப்பட்டுப் படித்தவள் என்பதால் அச்சில் வந்தது எதையும் நான் சந்தேகிப்பதில்லை. அதுதான் என் முதல் தப்பு. தங்கள் ஆவணி மாதத்து இதழில், 'ஓய்வில்லாத நகரத்து மாதருக்கு நாற்பத்தெட்டு நாள் ஆரோக்கியம்' என்று ஒரு அம்மையார் எழுதியிருந்தார். இடுப்பு வலி, தலைசுற்றல், மயிர் உதிர்தல், மாலையானால் காரணமில்லாத அழுகை, இவையெல்லாம் உனக்கு உண்டா என்று கேட்டிருந்தார். என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனவர் மாதிரி கேட்டிருந்தார். எனக்கு முப்பத்தொன்பது வயது. எங்கள் வீட்டுக்காரர் நிலக்கடலை மண்டி வைத்திருக்கிறார். கோழி கூவும் முன் எழுந்தால் தெருக்குழாய்த் தண்ணீர், மாடு, மூன்று வேளைச் சமையல், கடலை மூட்டையோடு மண்டிக்கு வரும் காட்டுக்காரர்களுக்குச் சோறு, பையன்களுக்குப் பள்ளிக்கூடக் கஞ்சி. உட்கார்ந்து வெற்றிலை போட நேரமில்லாதவள் நான். ஆவணி கடைசி வெள்ளியன்று கோட்டை மாரியம்மன் சந்நிதியில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு ஆரம்பித்தேன்.

விதிகள் தங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. விடியலில் வெறும் வயிற்றில் சீந்தில், நிலவேம்பு, கடுக்காய்த் தோல், சுக்கு சேர்த்துக் காய்ச்சி ஒரு ஆழாக்கு. புளி ஆகாது. குடம் தூக்கலாகாது. மற்றவருக்கு முன்னால் பசித்தவுடன் உண்ண வேண்டும். மத்தியானம் ஒரு நாழிகை இடதுபுறமாகச் சாய்ந்து படுக்க வேண்டும். மாலையில் தேனில் ஊறிய நெல்லிக்காய் ஒன்று. வெயில் தாழ்ந்ததும் மெதுவாக உலாவ வேண்டும். இத்தனையையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கொள்ளியைச் செருகியிருந்தார் அந்த அம்மையார்: 'மருந்துண்பதை எவரிடமும் வாய் திறந்து சொல்லலாகாது, சொன்னால் பலன் போகும்.' ஐயா, எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தது இது? கஷாயம் வயிற்றுக்குள் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா?

மூன்றாம் நாள் விடியலில் அந்தக் கசப்பு தாங்காமல் புறக்கடைச் சாக்கடையோரம் உட்கார்ந்து குமட்டினேன். அடுத்த வீட்டு முத்தாயம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அந்தச் சுவர் அவளுக்காகவே குட்டையாகக் கட்டியது. "என்னக்கா, காலங்காத்தால வாந்தி?" என்றாள். "ஒண்ணுமில்ல போடி" என்றேன். சத்தியம் செய்தவள் வேறென்ன சொல்வேன்? அன்றைக்கே குழாயடியில் என் குடத்தைத் தூக்கிவிடச் சொல்லி மகள் சௌந்திரத்தைக் கூப்பிட்டேன். "ஓகோ, கொடமும் தூக்கறதில்லீங்களா?" என்றாள் முத்தாயம்மாள். சாயங்காலம் கையில் நெல்லிக்காயோடு மெதுவாக உலாவினேன். அதையும் பார்த்தாள். இரண்டு நாளில் எட்டு வீட்டுப் பெண்கள் என் வயிற்றைப் பார்த்துப் பேசினார்கள், முகத்தைப் பார்த்து ஒருத்திகூடப் பேசவில்லை. ஒருத்தி மாவடு கொண்டுவந்து கொடுத்தாள். ஒருத்தி சாம்பல் வேண்டுமா என்று காதோடு கேட்டாள். "அக்கா, இந்த வயசுல கூச்சப்படாதீங்க, சாமி குடுக்கறது" என்று முத்தாயம்மாள் என் தோளைத் தடவினாள். பத்திராதிபர் அவர்களே, எனக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் மகள் இருக்கிறாள்!

எங்கள் வீட்டுக்காரர் சங்கதியை மண்டியில் கேள்விப்பட்டார். வந்தார். சட்டையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஏம்புள்ள, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றார் கடைசியாக. நான் வாயைத் திறந்தேன், அம்மன் கற்பூரம் கண்ணில் நின்றது, மூடிக்கொண்டேன். அவர் தனக்குள்ளே சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பதினோரு வருஷம் இருக்கும். மறுநாள் மாதுளம்பழம் வாங்கி வந்தார். அதற்கு மறுநாள் தோள் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். மண்டி முதலாளி, எட்டுப் பெண்களுக்கு நடுவில், இரண்டு குடத்தோடு! அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரவில்லை. தங்கள்மேல்தான் வந்தது.

அதோடு நின்றதா? என் தம்பி காளியப்பனுக்குப் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. சேலத்துக்கு வெற்றிலைக் கூடை ஏற்றிவரும் பஸ்ஸில் சேதியும் ஏறிப் போயிற்று. இருபத்தெட்டாம் நாள் காலையில், வாயைத் துணியால் கட்டிய ஏழு பானைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, ஜட்காவில் ஏற்றி, ஊரறியக் கட்டுச்சோறு கொண்டுவந்து இறக்கினான். பிள்ளைத்தாச்சிக்குப் பிறந்த வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம், அதுவும் தலைச்சனுக்குத்தான். "எதுக்குடா இது?" என்றேன். "தலைச்சனுக்கு நம்ம அப்பன் செத்த வருசம், செய்ய முடியல. அது எனக்கு மனசுல கெடந்துதுக்கா. மாசம் எத்தினின்னு ஆம்பள கேக்கறது அழகல்ல, அதனால கேக்காம கொண்டாந்துட்டன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இப்படிப்பட்டவனை எப்படித் திட்டுவது? முதல் பானையைத் திறந்து ஒரு கவளம் உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினான். புளிச்சோறு! புளி ஆகாதே! தலையைத் திருப்பிக்கொண்டேன். "புளி வாசனையே ஆகலயாட்டிருக்குது" என்று சுவருக்கு மேலிருந்து முத்தாயம்மாள் தெருவுக்குத் தீர்ப்புச் சொன்னாள்.

சரி, சிரித்தால் சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்திருப்பேன். ஆனால் சௌந்திரத்துக்குப் புதுச்சத்திரத்தில் இடம் பேசி முடித்திருந்தது. பையன் சின்னுசாமி இதே சேலத்தில் வேலையாயிருக்கிறான். நல்ல பையன், வெற்றிலை பாக்குக்கூடப் போடமாட்டான். ஐப்பசி முதல் வாரத்தில் தாம்பூலம் மாற்றி உறுதி செய்துகொள்வதாகப் பேச்சு. இந்தக் கூத்துக்குப் பிறகு பையனின் அம்மா வள்ளியாத்தாள், 'உறுதி கொஞ்சம் தள்ளிப் போகட்டும்' என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். பிறகு இன்னொரு தடவை தள்ளினாள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? மகளுக்குச் சீர் செய்கிற காலத்தில் தாய்க்குச் சீர் நடக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? சௌந்திரம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க, இல்லீன்னு சொல்லுங்க" என்று காலைப் பிடித்தாள். பெற்ற மகள் அழ அழ, வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியத்தை முறித்தால் அம்மன் கோபம் அவள் தலையில்தானே விடியும் என்று பயந்தேன். தங்கள் பத்திரிகையின் ஒரு வரி, ஐயா, ஒரே ஒரு வரி.

நாற்பத்தோராம் நாள், புதன்கிழமை, வள்ளியாத்தாள் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். பேச்சை முறிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "வாங்க சம்பந்தியம்மா" என்று சொல்வதா, "வாங்க" என்று மட்டும் சொல்வதா என்றுகூடத் தெரியவில்லை. அவளும் உட்கார்ந்தாள், எழுந்தாள், மாட்டைப் பார்த்தாள், கன்று காளையா கிடாரியா என்று இரண்டு தடவை கேட்டாள். சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே எனக்குப் பசி. விதிப்படி உண்ண வேண்டும், விருந்தாளி இருக்கிறாள். தவித்துக்கொண்டிருந்தேன். அவளே, "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு இப்பவே ஒரு வாய் சோறு போட முடியுங்களா?" என்றாள். போட்டேன். சௌந்திரம் புளிக்குழம்பை ஊற்றப் போனாள். வள்ளியாத்தாள் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "மோரே போதுஞ் சாமி."

சாப்பிட்டு முடித்ததும் சூரியன் உச்சிக்கு வந்தது. நாழிகை ஆகிவிட்டது, படுத்தாக வேண்டும். நான் பாயைப் பார்க்கிறேன், அவளும் பாயைப் பார்க்கிறாள். "சித்த சாயட்டுங்களா?" என்று சொல்லிக்கொண்டே படுத்துவிட்டாள். இடதுபுறமாக! நானும் பக்கத்துப் பாயில் இடதுபுறமாகச் சாய்ந்தேன். இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் படுத்ததால் அவள் முதுகைத்தான் நான் பார்த்தேன். அந்த முதுகு முதலில் குலுங்கிற்று. அழுகிறாளென்று நினைத்தேன். சிரிக்கிறாள். எழுந்து தன் துணிப்பையைத் திறந்து எடுத்தாள் ஐயா, தங்கள் ஆவணி இதழை! சின்னுசாமி வாங்கிக் கொடுத்துப் படித்தும் காட்டினானாம். நான் அரிசிப் பானைக்கு அடியிலிருந்து என்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது. புதுச்சத்திரத்திலும் ஒரு சுவர், அதற்கு மேலும் ஒரு தலை. அங்கே அவள் பிள்ளைத்தாச்சி என்று ஊர் முழுக்கப் பேச்சு. "மருமக வார நேரத்துல மாமியாளுக்கு இப்பிடீன்னா, நீங்க பொண்ணு குடுப்பீங்களா? அதுக்குப் பயந்துதான் தள்ளித் தள்ளிப் போட்டன். உறுதியா, இல்லியான்னு உங்க மொகத்தப் பாத்துப்புடலாம்னு வந்தனுங்க" என்றாள். என் சங்கதி அவள் காதுக்கு எட்டவேயில்லை! தன் வம்பைக் காதில் வாங்கவே அவளுக்கு நேரம் போதாதபோது என் வம்பு எங்கே நுழையும்? வருகிற கார்த்திகையில் உறுதி என்று அங்கேயே பேசி முடித்தோம். கதவுக்குப் பின்னால் நின்ற சௌந்திரம் உள்ளே ஓடினாள்.

இப்போது தாங்கள் எனக்குப் பதில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாங்கள் இருவரும் வாய் திறந்து 'மருந்து' என்று சொல்லவில்லை. புத்தகத்தைத்தான் காட்டினோம். இது விரத பங்கமா, இல்லையா? பங்கமென்றால் நாற்பத்தோரு நாள் கசப்பும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஐந்து நாள். இதைத் தங்களுக்கு எழுதியது பங்கமாகாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன், விதித்தவரிடம் சொல்வது பிறரிடம் சொல்வதாகாது. எங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. இன்று காலையும் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போனார். நாற்பத்தெட்டாம் நாள் உண்மையைச் சொல்லும்போது அந்த முகம் எப்படி ஆகும் என்று நினைத்தால் கஷாயத்தைவிட அது கசக்கிறது. இதற்கும் தாங்கள்தான் பொறுப்பு.

ஆகையால் அந்த வரி தப்பு என்று அடுத்த இதழின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடவும். எழுதிய அம்மையாருக்கும் கஷாயம் கொடுத்து மூன்றாம் நாள் விடியலில் எங்கள் புறக்கடைக்கு அனுப்பிவைக்கவும், முத்தாயம்மாளுக்கு நேராக உட்கார்ந்து குமட்டட்டும். என் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் பிரசுரிக்கவும். பெயரையும் போடவும், தெருவையும் போடவும், சென்னியம்மாள் பிள்ளைத்தாச்சி அல்ல என்று சேலம் முழுக்கத் தெரியட்டும். தங்கள் வீட்டுப் பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி வாழவும், தங்கள் குழந்தைகள் நோய் நொடியில்லாமல் வளரவும் அம்மனை வேண்டிக்கொண்டு, கோபம் கொஞ்சமும் குறையாமல்,

இங்ஙனம்,
சென்னியம்மாள்.

பின்குறிப்பு: இதை எழுதி உறையில் போட்டு நாலு நாள் ஆகிறது. ஸ்டாம்பு ஒட்டுவதற்குள், ஊருக்குப் போயிருந்த சின்னுசாமி புதுச்சத்திரத்திலிருந்து நேரே இங்கே வந்தான். தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றான். அவன் அம்மாவை மருத்துவச்சி பார்த்தாளாம். கஷாயம் பாதிதானாம், மீதி நாலாம் மாதமாம். கஷாயத்தை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டாளாம், தாயும் வயிறும் சுகம். இதை யார் யார் குடிக்கக் கூடாது என்று தங்கள் அம்மையார் ஒரு வரி எழுதியிருக்கலாம், வாயை மூடச் சொன்ன இடத்தில். உறுதி கார்த்திகையிலேயே, அதில் மாற்றமில்லை. பையன் போனதும் சௌந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்கம்மா, உங்களுக்கு நெசமாவே கசாயந்தானுங்களா?" என்றாள். கஷாயந்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், வீட்டுக்கு விலக்காகும் நாளுக்கு நான் புள்ளி வைக்கும் பால் கணக்கு நோட்டை எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். அந்த மருத்துவச்சியை நாளைக் காலை இங்கேயும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். ஆகையால் பத்திராதிபர் அவர்களே, என்னிடமிருந்து வேறு கடிதம் வரும் வரையில் மேலே கண்டதில் ஒரு எழுத்தையும் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம்.