மைக் முன்னால் படிந்த பேரம்

சித்தூர் மாங்காய் மண்டியில் ஆர்தரை முதல் விலைக்கே சம்மதிக்க வைத்தவன் இன்னும் பிறக்கவில்லை. கூடை தூக்கி, அடி வாங்கி, ஏமாந்து, அப்புறம் ஏமாறாமல் மேலே வந்த மனுஷன். எதிராளி எதைச் சொன்னாலும் குறைத்தே தீருவார். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையில் பாதி போதாதா என்று கேட்பார். பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்லிப் போதகரிடமே பேரம் பேசியது சபைக்கே தெரியும்.

அப்படிப்பட்டவர் பேரத்துக்கே இடமில்லை என்று முடிவு கட்டிய விஷயம் ஒன்றே ஒன்று. மனைவி ஞானமணி வேலைக்குப் போகக்கூடாது.

ஞானமணி கோயிலில் வேத பாடம் வாசித்தால் கடைசி வரிசை வரை கணீரென்று கேட்கும். அதைக் கேட்ட யாரோ சொல்லி, திருப்பதியில் இருக்கும் எஃப்.எம். ரேடியோக்காரர்கள் தமிழ் உரையாடல் நேரத்தை நடத்த அவளைக் கூப்பிட்டார்கள். அவள் ஆர்தரிடம் கேட்டாள். மண்டியிலிருந்து மத்தியானம் வந்தால் தட்டில் சுடுசோறு இருக்க வேண்டும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் பறந்து போய்ச் சுவரில் மோதியது. ஞானமணி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள்.

அடுத்த வாரம் அதே ரேடியோவிலிருந்து ஆர்தருக்கே அழைப்பு. பிள்ளைகள் பெரிசான பிறகு பெண்கள் வேலைக்குப் போகலாமா என்று நேரலையில் பேச வேண்டுமாம். ஊர் முன்னால் அடித்துச் சொல்லிவிட்டால் வீட்டில் மறுபேச்சு இருக்காது என்று ஆர்தர் கணக்குப் போட்டார். தன் நம்பரை அவர்களுக்கு யார் கொடுத்தது என்று யோசிக்கவில்லை. சட்டையை ஞானமணியே தேய்த்துக் கொடுத்தாள். காலருக்குக் கஞ்சி வேறு.

ஸ்டுடியோ என்பது பீரோ மாதிரி ஒரு அறை. நடத்துகிற பெண் நீரஜா ஒரே கேள்விதான் கேட்டாள். ஆர்தர் பிடித்துக்கொண்டார். பொம்பளை வெளியே போனால் வீடு வீடாகவா இருக்கும் என்று அவர் போட்ட சத்தத்தில் நீரஜா மைக்கைத் தள்ளி வைத்தாள். மண்டி வாசலில் கங்கையா டீக்கடை ரேடியோவைச் சுற்றி வியாபாரம் நின்றுபோயிருந்தது.

அப்போது ஒரு நேயர் போனில் வந்தார்.

"வணக்கம். நான் ஞானமணி, சித்தூரு. உள்ள உக்காந்துக்கினு இருக்கிறவரு எங்க வீட்டுக்காரருதான்."

ஆர்தர் கை டம்ளரைத் தேடியது. அங்கே காகிதக் கப்தான் இருந்தது.

"எனக்குத் திருப்பதியில வேலை வந்திருக்குது. அங்கயே ஒரு வீடு பார்த்துக்கினு தங்கிடலாம்னு இருக்கேன். அவரு ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டுப் போவட்டும்."

வேலை என்ற சொல் ஆர்தர் காதில் விழவே இல்லை. எதிராளி விலையைத் தாறுமாறாக ஏற்றிச் சொல்கிறாள் என்பது மட்டும்தான் விழுந்தது.

"வீடெல்லாம் கெடையாது."

"அப்போ ஹாஸ்டல்ல இருந்துக்கறேன். சனிக்கிழமை வந்துடறேன்."

"ஹாஸ்டலும் கெடையாது. ராத்திரி நம்ம வீட்லதான் இருக்கணும்."

"தெனமும் எப்படிங்க போயி வர்றது. உடம்பு தாங்குமா."

குரல் கம்மியது. ஆர்தருக்கு அந்தக் குரல் அத்துப்படி. விற்கிறவன் மடங்குவதற்கு முன்னால் அப்படித்தான் மூக்கை உறிஞ்சுவான். இப்போது விட்டால் போச்சு.

"காலையில பஸ்ஸுல போ. சாயந்திரம் பஸ்ஸுல வந்துடு. அதுக்கு மேல ஒரு படி ஏற மாட்டேன்."

நீண்ட பெருமூச்சு. "சரிங்க. நீங்க சொன்னதே இருக்கட்டும்."

"பேச்சு முடிஞ்சுது" என்று ஆர்தர் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மண்டியில் நாலு பேர் முன்னால் அப்படித் தட்டிவிட்டால், பொழுது சாய்வதற்குள் சந்தையே கவிழ்ந்தாலும் பேச்சு மாறக்கூடாது. மாறினவனுக்கு அப்புறம் ஒரு லோடு வராது.

சித்தூர் திரும்பும் வழியில் பூதலப்பட்டு தாண்டும்போது கங்கையாவிடமிருந்து போன் வந்தது. வீடும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை என்று அடித்துக் குறைத்ததற்கு மண்டியே பாராட்டுகிறது என்றான். பிறகு, "அண்ணா, நம்ம அண்ணி எந்த பஸ்ஸுல போறாங்க?" என்று கேட்டான். அப்போதுதான் ஆர்தருக்கு, தான் என்னத்தை வாங்கியிருக்கிறோம் என்பது புரிந்தது.

கொதித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். "ரேடியோக்காரன் குடுக்கற சம்பளத்துல நெஜமாவே வீடு பார்க்க முடியுமா?"

"வீடா? அங்க மூணாவதா ஒரு ஆளு உக்கார நாற்காலியே இல்லைங்க. நீங்கதான் பார்த்துட்டு வந்தீங்களே."

"நான் பேச்ச மாத்தினா?"

"மாத்துங்க. மண்டியே கேட்டுக்கினு இருந்துதாம். அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஆர்தர் நாற்காலியில் சாய்ந்தார். எல்லாம் போனாலும் சுடுசோறு ஒன்று பாக்கி இருக்கிறது. அதை விடக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வழி என்ன என்று கேட்டார்.

"அதத்தான் நானும் யோசிச்சுக்கினு இருக்கேன்" என்றாள் ஞானமணி. "ஓட்டல்லயே துன்னுடுங்க, வருஷம் பூரா."

"ஓட்டலு ஆவாது."

"அப்போ உங்க அக்கா பிளெஸ்ஸிய வரவழைச்சு இங்கயே வெச்சுக்கலாம்."

"அவ வாசப்படி மிதிக்கக் கூடாது."

"நான் இன்னாதாங்க பண்ணுவேன்." குரல் கம்மியது.

ஆர்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொழம்பு மட்டும் காலையில வெச்சுட்டுப் போ. சோறு நானே வடிச்சுக்கறேன். அவ்ளோதான்."

ஞானமணி பெருமூச்சு விட்டபடி அரிசி அளக்கிற ஆழாக்கை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"சரிங்க. உங்க வெலைக்கே விட்டுட்டேன்."