பதக்கம் துவைத்த கதை

சலவை இயந்திரத்துக்குள் ஏதோ டங் டங்கென்று இடித்தது. சில்லறைக் காசாக இருக்கும் என்றுதான் சிவேந்திரன் நினைத்தான். மாமாவின் கோட்டை வெளியே எடுத்தபோது, மார்பில் பதக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

கழற்ற மறந்திருந்தான். அவன் மனைவி கௌசலாவாக இருந்தால் மறந்திருக்கமாட்டாள்.

நாளை வீரர் தினம். கிள்ளான் நகரில் ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் விழா. அவனுடைய மாமனார் தம்பு, தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் சிக்கிய இரண்டு பேரைத் தோளில் சுமந்து வந்தவர். இந்த வருடம் மேடையில் முதல் நாற்காலி அவருக்கு.

ஒவ்வொரு வருடமும் விழாவுக்கு முந்தின நாள் கௌசலா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பதக்கத்தைத் துடைப்பாள். புருஷனைக்கூடத் தொட விடமாட்டாள். தைப்பூசத்துக்கு மறுவாரம் அவள் இறந்துபோனாள். பிறகு மாமா அவனிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த வருஷம் நீ கொஞ்சம் பாத்துக்க தம்பி."

பார்த்துக்கொண்ட லட்சணம் கையில் இருந்தது.

"கோட்டு காஞ்சிருச்சா தம்பி?" கூடத்திலிருந்து மாமாவின் குரல்.

"காயுது மாமா."

"பதக்கம்?"

"அதுவும்... பத்திரமா இருக்கு மாமா."

போன வருட விழாவில் கோட்டில் குத்திய சிவப்புத் துணிப்பூ சாயம் விட்டிருந்தது. பதக்கத்தின் நீல நாடா கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. சாயம் போகட்டும் என்று ப்ளீச்சில் நனைத்தான். போயிற்று. நீலமும் சேர்ந்து போயிற்று. நாடா இப்போது காயத்துக்குக் கட்டுப்போட்டதுபோல வெள்ளையாக இருந்தது. வெள்ளியும் கறுத்துவிட்டது.

பக்கத்து வீட்டு அமுதவள்ளி ஆன்டி நடைபாதையில் துணி காயப்போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"புளி போட்டுத் தேய் லா. எங்க வீட்டுக் குத்துவிளக்கு பாத்திருக்கல்ல?"

பொறியியல் படித்தவன் புளியைக் கரைத்தான். ஊறவைத்தான். தேய்த்தான். ஆன்டி வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா மின்னுது. ஆனா மஞ்சளா மின்னுது."

"வெள்ளி எங்க ஆன்டி?"

"புளியில இருக்கும். பின்னால நம்பர் எதுவும் இருந்துச்சா?"

"மாமாவோட ராணுவ நம்பர் இருந்துச்சு."

"அதுவும் புளியிலதான்," என்று சொல்லிவிட்டு ஆன்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவேந்திரன் பதக்கத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"எங்க போற?" என்றார் மாமா.

"பாசாருக்கு மாமா. மீன் வாங்க."

"நேத்துதானே வாங்கின?"

"இது வேற மீன்."

மாமா அவன் பொத்திய கையைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையில் அம்புரோஸ் அங்கிள் கோப்பையும் கேடயமும் செய்து விற்பவர். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம் முதல் கோயில் பட்டிமன்றம் வரை பரிசெல்லாம் அவர் கடையில்தான் பிறக்கும். சிவேந்திரன் ஸ்டூலில் உட்கார்ந்து, பதக்கத்தை மேசைமேல் வைத்தான்.

அங்கிள் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"மெஷினா?"

"மெஷின், ப்ளீச், புளி."

"புளி புதுசு," என்றார் அங்கிள்.

"நாளைக்குக் காலைல விழா அங்கிள். இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா? மாமாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும். அவருக்குன்னு மிச்சமிருக்கிறது இது ஒண்ணுதான்."

சிவேந்திரனால் நிறுத்த முடியவில்லை. பல மாதமாக அவன் இவ்வளவு பேசியதில்லை.

"கௌசலா கல்யாணத்துக்கு முன்னாலேருந்து இதைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினா. என் கையில ஒரு நாள் தாங்கல. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அங்கிள் எழுந்துபோய் அடி இழுப்பறையை இழுத்தார். துழாவக்கூட இல்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

உள்ளே ஒரு பதக்கம். வெள்ளி நிறம், நீல நாடா. சிவேந்திரன் திருப்பிப் பார்த்தான். மாமாவின் நம்பர்.

"நான் இன்னும் நம்பரே சொல்லலையே அங்கிள்."

"எதுக்கு? உங்க வீட்டுக்குன்னே ஒண்ணு கூடுதலாச் செஞ்சு வச்சிருக்கேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி விழா முடிஞ்ச கையோட தூண்டில் போடப் போயி, அசலைக் கடல்ல விட்டுட்டு உங்க மாமா வந்தாரு, 'மகளுக்குத் தெரியக்கூடாது'ன்னாரு. அதுக்கப்புறம் அவர் மகளே வந்து, இதே மெஷின் கதையைச் சொல்லி, 'அப்பாவுக்குத் தெரியக்கூடாது'ன்னு இப்ப நீங்க உக்காந்திருக்கிற ஸ்டூல்லதான் தம்பி உக்காந்து அழுதாங்க."