மாமனாரின் பூசணிக்கு நான் அடித்த வெள்ளி மருந்து

கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைகள் வாயை பிரியாணி சாப்பிட மட்டும் திறந்தால் குடும்பம் நன்றாக இருக்கும். நான் பேசவும் திறந்தேன்.

என் மாமனாருக்குக் கண்ணமங்கலத்தில் நிலம். வருஷா வருஷம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அவர் காணிக்கையாகக் கொண்டுபோகும் பூசணிக்காய்தான், காணிக்கைகளைச் சர்ச்சில் விடுகிற ஏலத்தில் ராஜா. அதற்கு ஊரே போட்டி போடும். அந்த வருஷம் பார்த்துக் கொடி முழுக்கச் சாம்பல் நோய். இலையெல்லாம் மாவு பூசியது மாதிரி வெள்ளை. மனிதருக்குச் சோறே இறங்கவில்லை.

"இன்னா மாப்ளே, நீங்க செடிங்களுக்கு வர்ற நோயப் பத்திதானே படிச்சிகினு இருக்கீங்க? எதுனா பண்ணுங்க" என்றார்.

போதாதா எனக்கு! ஒரு பிரசங்கமே வைத்தேன்.

"மாமா, நல்லது பண்ற பாக்டீரியான்னு இருக்கு. போலீஸ் மாதிரி இலை மேல உக்காந்துகினு நோயக் கிட்டயே சேக்காது. அப்பறம் 'நானோ' வெள்ளின்னு ஒண்ணு, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்குன வெள்ளி. கிருமியக் கொன்னுடும். ரெண்டும் சேந்து எறங்குனா எப்டி இருக்கும்!"

லேபிலிருந்து இரண்டையும் கொண்டுவந்து ஒரே டேங்கில் ஊற்றிக் கலக்கினேன். அதோடு நிறுத்தினேனா? எங்களுடையது ஆரணியில் பட்டு நெய்கிற வீடு. ஜரிகையில் வெள்ளி கூடினால்தான் சேலைக்கு மதிப்பு என்று கேட்டே வளர்ந்த கை, அளவுக்கு மேல் இன்னொரு பாட்டில் வெள்ளியையும் தாராளமாகச் சாய்த்தது. கொடி முழுக்க அடித்தேன்.

ஒரு வாரத்தில் பாதி இலை கருகிவிட்டது. மீதியில் பழையபடி மாவு.

"மாப்ளே, அந்தப் போலீஸ்லாம் எங்க?"

"வெள்ளி கொன்னுடுச்சி மாமா. அதுக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு தெரியாது." (இது எனக்கு டேங்கைக் கலக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். இதற்குத்தான் ஐயா படிக்கிறேன்!)

"அப்ப நோயி?"

"அது நல்லாத்தான் இருக்கு மாமா."

பண்டிகைக்குத் தேறியது ஒரே ஒரு காய், தேங்காய் அளவில். வயிற்றுவலி என்று படுத்துப் பார்த்தேன். மாமா விடாமல் இழுத்துக்கொண்டு போனார். ஏலம் போடுகிறவர் அதைத் தூக்கிக் காட்டியதும் சர்ச்சே சிரித்தது. மாமா எழுந்து, "எங்க மாப்ள மருந்தடிச்சிக் காப்பாத்துன காயி!" என்றார். சத்தியமாகக் குத்தலே இல்லை, பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல் இருந்தது.

ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. மாமாவே கையைத் தூக்கி ஒரு விலை சொன்னார். மேலே கேட்க ஆளில்லை. மறுபடி கையைத் தூக்கித் தன் விலைக்கு மேல் தானே ஏற்றினார். மறுபடியும்.

"உங்க மேல நீங்களே ஏத்திக்கிறீங்களே, போதும் உக்காருங்க" என்றார் போதகர்.

"இருங்கய்யா. போன வருசத்துக் காய் வெலைக்கு வரட்டும். எங்க மாப்ள காயி கம்மியாப் போவக் கூடாது."

சிரித்தவர்கள் கை தட்டினார்கள். நான் கர்ச்சீப்பைத் தேடினேன்.

அந்தக் காயில் வைத்த கூட்டு ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது. இன்றைக்கும் நான் அந்த வீட்டுக்குப் போனால், மாமா ஒரு டம்ளரில் டிகாஷனும் இன்னொன்றில் பாலுமாக எடுத்துவந்து ரொம்ப மரியாதையாகக் கேட்பார்:

"மாப்ளே, ரெண்டையும் ஒண்ணா ஊத்தலாமா, இல்ல ஒண்ண ஒண்ணு கொன்னுடுமா?"