டைகரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்

பங்காளி மேல் பொறாமைப்பட்டவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய சைக்கிளைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் உண்டு. சகலையின் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து சரியாகச் சாப்பிடாமல் கிடந்த ஒருவரை எனக்கே தெரியும். ஆனால் கல்யாணமான புதிதில், நாலு காலும் ஒரு வாலும் பாதி மடங்கிய காதும் உள்ள ஒரு ஜீவன் மேல் பொறாமைப்பட்டு, அதனால் மாமனார் ஊரையே வண்டி கட்டி வரவைத்த ஆள் செஞ்சி வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

அந்த ஜீவனின் பெயர் டைகர். (வைத்தவரைச் சொல்லவேண்டும். ஆட்டுக்குட்டி முறைத்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கும்.) அது என் மனைவி பத்மாவோடு அனந்தபுரத்திலிருந்து வந்தது. கல்யாணம் முடிந்து பெண்ணை வண்டியில் ஏற்றியபோது, டைகரும் பின்னாலேயே ஓடி வந்தது. கல்லால் அடித்தும் திரும்பவில்லை. (அடித்தது நான் அல்ல. அப்போது எனக்கு அதன்மேல் பகை இல்லை.) யாரோ ஒரு அம்மாள் அதைப் பிடித்து நெற்றியில் குங்குமம் வைத்துவிட, என் மாமனார் சிரித்துக்கொண்டே, "இதுவும் சீர்ல சேர்த்திதான் மாப்ளே, வெச்சிக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது நான் செஞ்சிக் கடைத்தெருவில் நைனாவின் மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்திருந்தேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மூட்டை எடை போடுவதும் விவசாயிகளிடம் வாய்ச்சண்டை போடுவதும் வேலை. அறுபதுகளில் எங்கள் ஜைன வீடுகளில் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒன்று, பொழுது சாய்ந்தபிறகு அடுப்பு எரியாது, இலை விழாது. பசித்தாலும் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். இன்னொன்று, புதிதாக வந்த மருமகள் பெரியவர்கள் எதிரில் புருஷனிடம் பேசக்கூடாது. எங்கள் வீட்டிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெரியவர் இருந்தார்.

ராத்திரி பேசலாமே என்பீர்கள். எங்கள் அறைக்கும் நைனா படுத்திருந்த கூடத்துக்கும் நடுவில் இருந்தது முக்கால் சுவர். அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினால் இந்தப் பக்கம் விளக்குச் சுடர் ஆடும். நான் கிசுகிசுப்பாக ஏதாவது கேட்டால் பத்மா "உம்" என்பாள். வேறு ஏதாவது கேட்டால் "ஊஹூம்" என்பாள். கல்யாணமாகி மாதக்கணக்கில் நாங்கள் நடத்திய குடும்பப் பேச்சு இவ்வளவுதான்.

அதே பத்மா, காலையில் எழுந்து முற்றத்தில் இறங்கியதும் டைகரிடம் வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

"டைகரு, ராத்திரி தூங்கினியா? கொசு கடிச்சிச்சா? இன்னிக்கி மோர்க்குழம்பு வெக்கப்போறேன். சூடா இருக்கசொல்லோ வந்தா நல்லாருக்கும். ஆறிப்போனா அதுல இன்னா இருக்குது?"

நான் உள்ளே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே இதையெல்லாம் கேட்பேன். நாய்க்கு மோர்க்குழம்பு. அதுவும் சூடாக. எனக்கு என்ன குழம்பு என்று யாராவது சொன்னார்களா? ஒரு குரல் இல்லை. மத்தியானம் மண்டியிலிருந்து தாமதமாகப் போய் ஆறிப்போன மோர்க்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வெளியே டைகர் மோர்ச்சோற்றைத் தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அதன் முகத்தில் ஒரு திமிர் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

சாயங்காலத்திலும் அப்படித்தான். வாசலில் நின்று, "டைகரு, பொழுது இறங்கிட்டுது பாரு. இன்னும் இன்னா வெளியில வேல? வயிறு காஞ்சி கெடந்தா நாளைக்கி யாருக்குக் கஷ்டம்?" என்பாள். அந்த நேரத்தில் நான் தெருமுனைக் கடையில் நண்பர்களோடு நின்றுகொண்டிருப்பேன். அங்கேவரை அவள் குரல் கேட்கும். கொடுத்துவைத்த நாய் என்று நினைத்துக்கொள்வேன். நான் வீட்டுக்குப் போவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். அன்று எனக்குப் பட்டினி. நாய்க்கு ஏப்பம்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாமல் போனது கோட்டை விஷயத்தில்தான். ஒருநாள் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பத்மா டைகரின் மடங்கிய காதை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"தெனம் இந்த மலையைப் பாத்துனே இருக்கிறோம். மேல இன்னா இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கி ஞாயித்துக்கெழமதான். போலாமா டைகரு? நீ வந்தா நானும் வர்றேன்."

எனக்குக் காதில் புகை வந்தது. ராஜகிரி மலையடிவாரத்தில் பிறந்தவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி உச்சிவரைக்கும் போய்த் திரும்புவேன். (கொஞ்சம் அதிகம்தான். பாதிவரைக்கும் போவேன்.) அப்படிப்பட்ட ஆள் எதிரில் நிற்கும்போது, அனந்தபுரத்து நாயைக் கோட்டைக்குக் கூப்பிடுகிறாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மண்டியிலேயே உட்கார்ந்து, ஏற்கெனவே எடை போட்ட மூட்டைகளை மறுபடி எடை போட்டேன்.

அன்றே முடிவு செய்தேன். இந்த வீட்டில் ஒன்று நான், இல்லாவிட்டால் டைகர். நாய் போய்விட்டால் அவளுக்குப் பேச வேறு ஆளில்லை. அப்புறம் என்னிடம் பேசித்தானே ஆகவேண்டும்? நாயைத் தெருவில் விடுகிற பாவமெல்லாம் எனக்கு வேண்டாம். பிறந்த வீட்டிலேயே பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிடலாம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

பத்மாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை, சைக்கிளை எடுத்துக்கொண்டு டைகரைக் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல் வந்தது. கொஞ்சதூரம் பின்னால் ஓடிவந்தது. அப்புறம் நடுரோட்டில் படுத்துவிட்டது. தூக்கி முன்னால் பாரில் வைத்துக்கொண்டு மிதித்தேன். சித்திரை வெயில். எனக்கு நாக்கு வெளியே தள்ளியது. நாய் காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

அனந்தபுரம் எல்லையில் நுழைந்ததும், கிணற்றடியில் நின்ற பெண்கள், "ஐய, நம்ம டைகரு வந்துட்டாண்டி" என்று கூடிவிட்டார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "கூட வந்துனு இருக்கிறது யாரு?" என்று கேட்டாள். போன தைமாதம் அந்த ஊரில்தான் நான் மாலையும் கழுத்துமாக ஊர்வலம் போயிருந்தேன்.

மாமியார் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். பெண் இல்லை. நாய் இருந்தது.

"வாங்க மாப்ளே. பத்மா வல்லியா?"

"இல்லீங்க அத்தை." வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "உங்க வூட்டு நாயி. உங்க வூட்லியே இருக்கட்டும்னு கொண்டாந்துட்டேன்."

மாமியார் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெயில் போலும் என்று நினைத்து, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் அழ ஆரம்பித்தார்.

கழனியிலிருந்து மாமனார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாக என் எதிரில் நின்றார்.

"சீரோட வந்ததத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க. சரி. மிச்சப் பாத்திரமெல்லாம் எப்ப வரும் மாப்ளே?"

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எங்கள் பக்கத்தில் சீராக வந்த பொருளை மாப்பிள்ளை வீட்டார் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால், பெண்ணையும் அனுப்பப்போகிறோம் என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். ஒரு சொம்பைக் கொண்டுவந்து வைத்தாலே ஊர் கூடிவிடும். நான் குங்குமம் வைத்த நாயையே கொண்டுவந்திருந்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மாமா, உங்க பொண்ணு என்ன விட்டுட்டு நாய் கூடவே பேசுது, எனக்கு வயித்தெரிச்சலா இருக்குது" என்று எந்த ஆம்பிளை மாமனாரிடம் சொல்வான்? நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. வூட்ல எடம் பத்தல."

மாமனார் தலையை ஆட்டினார். "நாய்க்கே எடம் இல்லன்னா, பொண்ணுக்கு எங்க இருக்கும்?"

மாமியாரின் அழுகை ஒரு சுற்று உயர்ந்தது. மத்தியானத்துக்குள் பங்காளிகள் கூடிவிட்டார்கள். இரண்டு மாட்டு வண்டிகள் பூட்டப்பட்டன. செஞ்சிக்கே போய்ச் சம்பந்தியைக் கேட்டுவிடுவது என்று முடிவானது. முன்வண்டியில் மாமனார் மடியில் டைகர். பின்னால் அந்தப் புழுதியை எல்லாம் தின்றுகொண்டு சைக்கிளில் நான். அந்த நிலையிலும் எனக்கு ஓடிய ஒரே எண்ணம், பார், அதற்கு வண்டி கிடைத்தது என்பதுதான்.

நாங்கள் செஞ்சிக்குள் நுழையும்போது சூரியன் ராஜகிரிமேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு வண்டி ஜனம் வாசலில் இறங்குவதைப் பார்த்ததும் என் அம்மாவுக்கு ஏன் வந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பொழுதைத்தான் பார்த்தாள்.

"ஐயையோ, பொழுது போவுதே. சம்பந்தி வூட்டாளுங்கள வெறும் வயித்தோட படுக்கவெக்கிறதா? பத்மா, அடுப்ப மூட்டு."

மாமனார், "சாப்புட வரலீங்க. நாயம் கேக்க வந்திருக்கிறோம்" என்றார்.

நைனா அதற்கு, "நாயத்த விளக்கு வெச்சிகூட கேக்கலாம். சோறு அப்பிடி இல்லியே. மொதல்ல உக்காருங்க" என்றார். ஜைனர் யாரும் மறுக்கமுடியாத வாதம் அது.

அப்புறம் நடந்ததைப்போல ஒரு பந்தியை நான் பார்த்ததில்லை. கூடத்தில் இரண்டு வரிசை. அரிசி உப்புமா. எல்லோரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, மலையையும் பார்த்துக்கொண்டு, வாய் பேசாமல் வாரி வாரிப் போட்டுக்கொண்டார்கள். என்னை அடிக்க வந்த பங்காளி ஒருவருக்கு நான் உப்புமா பரிமாறினேன். "இன்னும் கொஞ்சம் போடு" என்று கோபமாகச் சொன்னார். கடைசி இலையை எடுத்தபோது சூரியன் இறங்கிவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள்.

நைனா கேட்டார். "இன்னாடா குறை அந்தப் பொண்ணு மேல?"

கதவுக்குப் பின்னால் பத்மாவின் புடவை ஓரம் தெரிந்தது. அது அசையவில்லை. அவள் அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. அவளை நிஜமாகவே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானமாவது மரியாதையாவது என்று உடைத்துவிட்டேன்.

"ஒரு குறையும் இல்ல நைனா. அவ நாயிகிட்டயேதான் பேசறா. எங்கிட்ட பேசறதே இல்ல."

உப்புமாப் பங்காளி ஒரு ஏப்பம் விட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பத்மாவின் குரல் வந்தது. என்னிடம் இல்லை. அப்போதும் டைகரிடம்தான்.

"டைகரு, நீயே சொல்லு. மோர்க்குழம்பு சூடா துன்னணும்னு நீ எப்பனா கேட்டியா? பொழுதோட வான்னு வாசல்ல நின்னு கத்தினேனே, நீ எங்கனா போயிருந்தியா, என் காலடியிலதானே படுத்துனு இருந்தே? கோட்டைக்கிப் போலாமான்னு கேட்டா, நீயா என்னக் கூட்டினு போவப்போற? நாலு பேரு எதிர்ல நான் வேற எப்பிடித்தான் சொல்றது? கேக்கவேண்டியவரு துண்ட உதறினு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அத்தனை மாதமும், அத்தனை வார்த்தையும், எனக்கு வந்தவை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒன்றைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

முதலில் சிரித்தது மாமனார்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மக்கு. நான் கல்யாணமாயி வந்த புதுசுல உங்க நைனாகிட்ட எல்லாத்தையும் பசுமாட்டுகிட்டதான் சொல்வேன். அவுருக்கு அன்னிக்கே புரிஞ்சிடிச்சி. நீ யாருக்குடா பொறந்த?"

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். பஞ்சாயத்து கலைந்தது. வந்தவர்கள் ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள் காலையில் நானும் பத்மாவும் கிருஷ்ணகிரி ஏறினோம். டைகரும் வந்தது. கூப்பிடாமலே முன்னால் போய், ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்த்தது. பாதிமலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான்தான்.

அதிலிருந்து அவள் டைகரிடம் பேசுவதை எல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். ஆனால் ஆசையாகக் காதை நீவிவிடுவதெல்லாம் அதற்குத்தான். அந்த எரிச்சல் எனக்குக் கடைசிவரை போகவில்லை.

டைகர் எங்கள் வீட்டில் நன்றாக வாழ்ந்தது. என் பிள்ளைகளின் கையில் வாலைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக நிற்கும். வயதாகிக் கண் தெரியாமல் போனபின்பும், பொழுது சாய்கிற நேரத்தில் வாசல்வரை நடந்துவந்து என் சைக்கிள் சத்தத்துக்காக நிற்கும். நான் வந்தபிறகுதான் உள்ளே போகும். ஒருநாள் சாயங்காலம் நான் வந்தபோது வாசலில் அது இல்லை. பத்மா நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் நைனா இருந்தார், அம்மா இருந்தாள், வேறு யாரோ விருந்தாளிகள் இருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல், நேராக என்னிடம் வந்தாள்.

"ஏங்க, டைகரு போயிட்டுது."

எல்லோர் எதிரிலும் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்காக அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன். நான் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அதற்கப்புறம் நாங்கள் நாய் வளர்க்கவில்லை. பத்மாவும் என்னிடம் நேரடியாகவே பேசக் கற்றுக்கொண்டாள். நேரடியாக வந்தவை பெரும்பாலும் அரிசி தீர்ந்ததும் கூரை ஒழுகுவதும்தான். இன்றும் மாமனார் வீட்டுப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், புது மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "பயப்படாதீங்க மாப்ளே, நாயி எதுவும் அனுப்பல" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

ஆனால் மனதுக்குள்ளிருந்து ஏதாவது சொல்லவேண்டுமென்றால் பத்மா இப்போதும் முற்றத்துக்குத்தான் போகிறாள். போன வாரம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன். படுக்கையில் இருந்த எனக்கு அவள் குரல் கேட்டது. வெறும் முற்றத்தில் நின்றுகொண்டு, "ரொம்ப பயந்துட்டேன் டைகரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து என்னிடம், "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

செத்து இத்தனை வருஷம் ஆகியும் சேதி முதலில் அவனுக்குத்தான் போகிறது.